மூட்டை கட்டும் முதலாளிகளும் ஏலம் கேட்கும் சர்க்கார்களும்

"ரொம்பச் சத்தம் போட்டால் கம்பெனியை அடுத்த மாநிலத்துக்குக் கொண்டுபோய்விடுவோம்!"

இந்த வார்த்தையைக் கேட்காத ஆலைத் தொழிலாளி உண்டா? போனஸ் பேச்சு வந்தால் இந்த வார்த்தை. சங்கம் வைத்தால் இந்த வார்த்தை. ஆலை வாசலில் மானேஜர் சொல்கிறார். சட்டசபையில் மந்திரி அதையே வேறு விதமாகச் சொல்கிறார்: "முதலாளிகளைப் பயமுறுத்தாதீர்கள், அவர்கள் பக்கத்து மாநிலத்துக்குப் பறந்துவிடுவார்கள்." மறுநாள் பெரிய பத்திரிகைகள் இதற்குத் தாளம் போட்டுத் தலையங்கம் எழுதுகின்றன.

ஒரு கம்பெனி தன் தலைமையகத்தை எந்த மாநிலத்தில் வைப்பது என்று எப்படித் தீர்மானிக்கிறது? முதலாளித்துவ நிபுணர்கள் ஒரு நீண்ட பட்டியல் தருவார்கள். விமான நிலையம் வேண்டும், நல்ல ரோடு வேண்டும், மின்சாரம் வேண்டும், படித்த ஆட்கள் வேண்டும். இந்தப் பட்டியல் பொய்யல்ல. ஆனால் இதில் அச்சாகாத இரண்டு வரிகள் உண்டு. எந்த சர்க்கார் அதிக வரியைத் தள்ளுபடி செய்யும் என்பது ஒன்று. எங்கே தொழிலாளியின் கை பலவீனமாக இருக்கிறது என்பது மற்றொன்று.

இந்த வித்தை முற்றிப் பழுத்த நாடு அமெரிக்கா. அங்கே நடந்ததைப் பார்த்தால் இங்கே நடப்பது விளங்கும்.

சியாட்டிலிலிருந்து புறப்பட்ட நாற்காலி

போயிங் விமானக் கம்பெனியை அறியாதவர் இல்லை. 1916-ல் அமெரிக்காவின் மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகரில் அது பிறந்தது. (தலைநகர் வாஷிங்டன் வேறு, இந்த மாநிலம் வேறு.) அந்த ஊர்த் தொழிலாளிகளின் கையால் வளர்ந்தது. மெஷினிஸ்டுகளுக்கும் பொறியாளர்களுக்கும் அங்கே வலுவான சங்கங்கள் உண்டு. 2000-ம் ஆண்டு பொறியாளர்களும் டெக்னீஷியன்களும் ஆயிரக்கணக்கில் வெளியேறி 40 நாள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள்.

அடுத்த ஆண்டு, 2001 மார்ச்சில், கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. தலைமையகம் சியாட்டிலை விட்டுப் போகிறது. சிகாகோ, டல்லாஸ், டென்வர் என்ற மூன்று நகரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம் என்றது.

நம் ஊர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியாது. அதே கதைதான் அங்கேயும் நடந்தது. இங்கே ஒரு வித்தியாசம் என்னவென்றால், மாடே தன்னை ஏலத்துக்கு விட்டுக்கொண்டது! மூன்று மாநில சர்க்கார்கள் விரலைப் பிடித்தன. மே 10-ம் தேதி சிகாகோ என்று முடிவாயிற்று. சிகாகோ நகரமும் அது அடங்கிய இல்லினாய் மாநிலமும் சேர்ந்து 20 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 6 கோடி டாலர் சலுகை கொடுத்தன.

இந்த 6 கோடிக்கு எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? சுமார் 500 பேருக்கு. ஒரு ரிவெட் அடிக்கும் தொழிலாளி கூட அவர்களில் இல்லை. விமானம் சியாட்டில் பக்கத்தில்தான் தயாராயிற்று. 2,800 கிலோமீட்டர் தூரம் போனவை நாற்காலியும், கையெழுத்துப் போடும் பேனாவும், கணக்குப் புத்தகமும்தான்.

நாற்காலி போனால் நமக்கென்ன என்று தோன்றலாம். அப்படியல்ல, தோழர்களே! ஆலைக்குள் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்குத் தொழிலாளியின் முகம் தெரியும். தொழிலாளியும் கூட்டமாகப் போய் அவன் அறைக்கு முன்னால் நிற்கலாம். முடிவெடுப்பவன் எட்டாத தூரத்தில் உட்கார்ந்துவிட்டால் தொழிலாளி காகிதத்தில் ஓர் எண்ணாகிவிடுகிறான். எந்த எண்ணை அடித்துவிட்டால் பங்கு விலை ஏறும் என்பதுதான் அங்கே கேள்வி.

நாற்காலிக்குப் பின்னால் ஆலையும்

முதலில் நாற்காலி போயிற்று. பிறகு ஆலையின் முறை வந்தது.

2008-ல் போயிங்கின் மெஷினிஸ்டுகள் சுமார் 27,000 பேர் எட்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2009 அக்டோபரில், புதிய 787 விமானத்தின் இரண்டாவது உற்பத்தி வரிசையைத் தென் கரோலினா மாநிலத்தில் அமைப்போம் என்று சிகாகோவிலிருந்து உத்தரவு வந்தது. அமெரிக்காவிலேயே சங்கத்தில் சேர்ந்தவர்கள் மிகக் குறைவாக உள்ள மாநிலங்களில் அது ஒன்று. அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. "வேலை செய்யும் உரிமை" என்று அதற்குத் தேன் தடவிய பெயர். அந்தச் சட்டம் ஒருவனுக்கும் வேலை தராது. சங்கம் பேசி வாங்கித்தரும் பலனைச் சந்தா கட்டாமலே ஒருவன் அனுபவிக்கலாம் என்று சொல்லிச் சங்கத்தின் உண்டியலைக் காலி செய்வதே அதன் வேலை. 1947-ல் அமெரிக்க முதலாளிகள் கொண்டுவந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் மாநிலங்களுக்கு இந்தக் கதவைத் திறந்துவிட்டது.

அடிக்கடி வேலைநிறுத்தம் செய்ததால்தான் இடம் மாற்றினோம் என்று கம்பெனி அதிகாரிகளே பகிரங்கமாகச் சொன்னார்கள். வேலைநிறுத்தம் செய்ததற்காகத் தண்டிப்பது சட்டவிரோதம் என்று 2011 ஏப்ரலில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் சார்பில் புகார் தாக்கலாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள், கம்பெனிக்கும் சங்கத்துக்கும் வேறோர் ஒப்பந்தம் ஏற்பட்டதும், புகார் வாபஸாகிவிட்டது. தென் கரோலினா ஆலை அப்படியே நின்றது.

2013-ல் நடந்ததை நம் தொழிலாளிகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 777-எக்ஸ் என்ற புது விமானத்தை எங்கே தயாரிப்பது என்று கம்பெனி மறுபடியும் ஏலம் போட்டது. வாஷிங்டன் மாநில சர்க்கார் அலறிப்போய், விசேஷ சட்டசபைக் கூட்டம் கூட்டி, 2040 வரை மொத்தம் 870 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட வரிச்சலுகையை நிறைவேற்றியது. அமெரிக்காவில் அதுவரை எந்த மாநிலமும் ஒரு கம்பெனிக்கு அவ்வளவு கொடுத்ததில்லை.

அது போதவில்லை. தொழிலாளியின் பென்ஷனும் வேண்டும் என்றது கம்பெனி! தொழிலாளிகள் நவம்பரில் ஓட்டுப் போட்டு, பெரும்பான்மையோடு முடியாது என்றார்கள். உடனே கம்பெனி மற்ற மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் "எங்களிடம் வாருங்கள்" என்று கை நீட்டின. பயம் பரவிற்று. 2014 ஜனவரி 3-ம் தேதி மறு ஓட்டு நடந்தது. 51 சதவிகிதம் பேர் ஒப்புக்கொண்டார்கள், 49 சதவிகிதம் பேர் எதிர்த்தார்கள். பரம்பரை பரம்பரையாகப் போராடிப் பெற்ற பென்ஷன் போயிற்று.

சலுகையும் கொடுத்து, பென்ஷனும் கொடுத்த பிறகாவது அந்த ஊருக்கு நிம்மதி கிடைத்ததா? அடுத்த சில ஆண்டுகளில் வாஷிங்டன் மாநிலத்தில் ஆயிரக்கணக்கான போயிங் வேலைகள் குறைந்தன. சலுகைச் சட்டத்தில், இத்தனை பேருக்கு வேலை கொடுத்தே தீரவேண்டும் என்று கம்பெனியின் கையைக் கட்டும் ஷரத்தே இல்லை! 2020-ல் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் நடந்த வழக்கினால் அந்தச் சலுகையில் ஒரு பகுதி ரத்தாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் 787 விமான உற்பத்தி முழுவதையும் தென் கரோலினாவுக்கே கொண்டுபோவதாகக் கம்பெனி அறிவித்தது.

சிகாகோவாவது பிழைத்ததா? அதுவும் இல்லை. 20 ஆண்டுச் சலுகை 2021-ல் தீர்ந்தது. 2022 மே மாதம் தலைமையகம் மறுபடியும் மூட்டை கட்டிற்று. இந்த முறை போன இடம் வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டன். அமெரிக்க யுத்த இலாகாவின் பெண்டகன் கட்டடம் அந்த ஊரில்தான் இருக்கிறது. யுத்த ஆர்டர்களில் கொழுக்கும் கம்பெனிக்கு அதைவிட நல்ல அண்டை வீடு எங்கே கிடைக்கும்? அந்த மாநிலத்திலும் "வேலை செய்யும் உரிமை"ச் சட்டம் உண்டு என்பதைச் சொல்லவும் வேண்டுமா!

இதற்கிடையில் 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் போயிங்கின் 737 மாக்ஸ் விமானங்கள் இரண்டு விழுந்து நொறுங்கி 346 பேர் மாண்டார்கள். 2024 ஜனவரியில் பறந்துகொண்டிருந்த இன்னொரு மாக்ஸ் விமானத்தில் கதவுத் துண்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. அதைப் பிடித்து நிறுத்தவேண்டிய நான்கு போல்டுகள் ஆலையிலேயே மாட்டப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. இதற்கெல்லாம் தலைமையகம் மாறியது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் லாபக் கணக்குப் பார்ப்பவன் ஓரிடத்திலும், விமானம் கட்டுபவன் வேறிடத்திலும் இருந்தால், கட்டுபவனின் எச்சரிக்கை காதில் விழாது. 2024 ஆகஸ்டில் பதவிக்கு வந்த புதிய தலைமை அதிகாரி, "நான் சியாட்டிலில்தான் தங்குவேன், விமானம் கட்டும் இடத்தின் அருகில் இருக்கவேண்டும்" என்ற கருத்தில் அறிவித்தாரே! அதைச் சங்கம் சொன்னபோது கேட்டிருக்கலாமே!

அந்த ஆண்டு செப்டம்பரில் 33,000 மெஷினிஸ்டுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏழு வாரத்துக்கு மேல் உறுதியாக நின்று, நான்கு ஆண்டுகளில் 38 சதவிகிதச் சம்பள உயர்வு பெற்றார்கள். ஆனால் 2014-ல் பயத்தில் விட்டுக்கொடுத்த பென்ஷன் திரும்பவில்லை. ஒரு முறை மிரட்டலுக்குப் பணிந்தால் அதன் விலை எவ்வளவு என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

பஞ்சாலைகள் போன பாதை

இது போயிங்கின் கெட்ட புத்தி மாத்திரமல்ல. நூறாண்டுக்கு முன்பே பஞ்சாலை முதலாளிகள் போட்ட பாதை இது.

அமெரிக்காவின் வடகிழக்கே லோவெல், ஃபால் ரிவர் போன்ற ஊர்களில்தான் அந்நாட்டுப் பஞ்சாலைகள் முதலில் பெருகின. அங்கே தொழிலாளிகள் சங்கம் கண்டு, கூலியும் வேலை நேரமும் பேச ஆரம்பித்ததும், முதலாளிகள் தெற்கே கரோலினா பக்கம் ஆலைகளை வைத்தார்கள். அங்கே கூலி குறைவு, சங்கம் இல்லை, குடியிருக்கும் வீடு கூட ஆலையின் வீடு. வட கரோலினாவில் காஸ்டோனியா என்ற ஊரிலிருந்த லோரே ஆலையின் சொந்தக்காரக் கம்பெனி வடக்கே ரோட் ஐலண்டில் இருந்தது. தலைமையகம் வடக்கே, சுரண்டல் தெற்கே!

ஒருவன் பார்த்த தறிகளுக்குப் பதில் இரண்டு பங்கு தறிகளைப் பார் என்றார்கள். கூலியை மட்டும் ஏற்றவில்லை. 1929 ஏப்ரல் 1-ம் தேதி அந்த ஆலைத் தொழிலாளிகள், கம்யூனிஸ்டுகள் தலைமை தாங்கிய தேசியப் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் கீழ் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாநில சர்க்கார் பட்டாளத்தை அனுப்பியது. குடும்பங்களை ஆலை வீடுகளிலிருந்து தெருவில் தள்ளினார்கள். அவர்கள் கூடாரம் போட்டுப் போராடினார்கள்.

அந்தப் போராட்டத்தில் எல்லா மே விக்கின்ஸ் என்ற பெண் தொழிலாளி இருந்தார். ஒன்பது பிள்ளைகளின் தாய். கக்குவான் வந்து நான்கு பிள்ளைகள் இறந்தன. நோயாளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ராத்திரி ஷிப்டைப் பகல் ஷிப்டாக மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு ஆலை மறுத்துவிட்டது. அவர் பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். வெள்ளைத் தொழிலாளியும் கறுப்புத் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் இருக்கவேண்டும் என்று வாதாடி ஜெயித்தார். 1929 செப்டம்பர் 14-ம் தேதி சங்கக் கூட்டத்துக்கு லாரியில் போனவரைச் சுட்டுக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

வேலைநிறுத்தம் தோற்றது. தெற்கே கூலி குறைவாகவே நீடித்தது. அதைக் காட்டி வடக்கே ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிறகு தெற்கத்திய ஆலைகளும் இன்னும் மலிவான கூலி தேடி நாட்டை விட்டே போயின. லோரே ஆலைக் கட்டடம் இன்று வாடகைக் குடியிருப்பு. தெற்கத்தியத் தொழிலாளியின் தோல்வி வடக்கத்தியத் தொழிலாளியின் சோற்றைப் பறித்தது. கடைசியில் இருவர் சோறும் போயிற்று.

பெயருக்கு ஒரு மாநிலம்

இன்னொரு வேடிக்கையும் உண்டு. போயிங் சட்டப்படி பதிவாகியிருப்பது சியாட்டிலிலும் இல்லை, சிகாகோவிலும் இல்லை, ஆர்லிங்டனிலும் இல்லை. டெலவேர் என்ற குட்டி மாநிலத்தில்! அங்கே மக்கள் தொகை சுமார் 10 லட்சம்; பதிவான கம்பெனிகளோ 20 லட்சத்துக்கு மேல். வில்மிங்டன் நகரில் ஒரே சிறிய கட்டடத்தின் விலாசத்தில் லட்சக்கணக்கான கம்பெனிகள் இருப்பதாகக் கணக்கு. உள்ளே அவ்வளவு பேர் உட்கார நாற்காலி கிடையாது, காகிதம்தான் இருக்கிறது.

அந்த டெலவேரில் 2024 ஜனவரியில் ஒரு நீதிபதி, டெஸ்லா கார்க் கம்பெனி முதலாளி எலான் மஸ்க்குக்குத் தர இருந்த சுமார் 5,600 கோடி டாலர் ஊதியத் திட்டம் செல்லாது என்றார். ஜூன் மாதத்திலேயே டெஸ்லா தன் பதிவை டெக்சாஸ் மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டது. தீர்ப்புப் பிடிக்கவில்லையா, மாநிலத்தை மாற்று! கோர்ட்டில் தோற்ற கூலித் தொழிலாளி எந்த மாநிலத்துக்கு மாறுவான்? பயந்துபோன டெலவேர் சட்டசபை 2025 மார்ச்சில் தன் கம்பெனிச் சட்டத்தையே பெரிய பங்குதாரர்களுக்குச் சாதகமாகத் திருத்தியது.

மறுத்தால் என்ன ஆகும்?

"சலுகை தராவிட்டால் வேலை வராது" என்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. 2017-ல் அமேஸான் கம்பெனி இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் வேண்டும் என்று பகிரங்க ஏலம் போட்டது. 238 ஊர்கள் மனுப் போட்டன. 2018 நவம்பரில் வர்ஜீனியாவும் நியூயார்க்கும் தேர்வாயின. நியூயார்க் கொடுக்க இருந்தது சுமார் 300 கோடி டாலர். அந்த ஊர்ச் சங்கங்களும் வாடகைக் குடியிருப்போரும் எதிர்த்தார்கள். 2019 பிப்ரவரியில் கம்பெனி கோபித்துக்கொண்டு போய்விட்டது. நாடே கவிழ்ந்தது போலப் பத்திரிகைகள் ஓலமிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் அதே கம்பெனி அதே நியூயார்க்கில், விசேஷ சலுகை எதுவும் இல்லாமல், 1,500 பேருக்கு வாடகை இடம் பிடித்தது! வரவேண்டிய தேவை இருந்தால் சும்மாவும் வருவான் என்பது ருசுவாயிற்று.

நம் வீட்டுக் கதை

நம் நாட்டிலும் மாநிலங்கள் இதே சந்தையில் நிற்கின்றன. நிலம் இலவசம், மின்சாரம் மலிவு, வரி தள்ளுபடி என்று போட்டி போடுகின்றன. இடதுசாரிகள் ஆண்ட மாநிலமும் இந்தச் சுழலுக்குத் தப்பவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். மேற்கு வங்கத்தில் சிங்கூரில் 2006-ல் கார் ஆலைக்காக ஏறக்குறைய 1,000 ஏக்கர் எடுக்கப்பட்டது. எதிர்ப்பு மூண்டது. 2008 அக்டோபரில் டாட்டா கம்பெனி குஜராத்தின் சானந்துக்குப் போயிற்று. அங்கே சர்க்கார் கம்பளம் விரித்தது. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சிங்கூர் நிலத்தை விவசாயிகளுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அந்தக் காரோ பத்து ஆண்டுகளில் சந்தையை விட்டே போய்விட்டது. இந்த ஏலத்தில் அதிகம் இழந்தவன் சொந்த நிலமில்லாத விவசாயத் தொழிலாளி. பழைய 1894-ம் ஆண்டுச் சட்டத்தில் அவன் பெயரே கிடையாது. 2013-ம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான், அந்த நிலத்தில் மூன்று ஆண்டு உழைத்த விவசாயத் தொழிலாளியும் பாதிக்கப்பட்டவன் என்று காகிதத்திலாவது ஏறினான்.

தலைமையகம் பற்றியும் நம் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 13-வது பிரிவின்படி, ஒரு கம்பெனி தன் பதிவு அலுவலகத்தை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்ற மத்திய சர்க்காரின் அனுமதி வேண்டும். இதனால் எந்தத் தொழிலாளியையும் ஆட்குறைப்புச் செய்யமாட்டோம் என்று பிரமாண வாக்குமூலம் கொடுக்கவேண்டும். அலுவலகம் உள்ள ஜில்லாவின் மக்கள் மொழிப் பத்திரிகையில் விளம்பரம் போடவேண்டும். பாதிக்கப்படுகிறவர்கள் 14 நாளுக்குள் ஆட்சேபணை எழுதலாம். மாநிலத் தலைமைச் செயலாளருக்கும் நகல் போகவேண்டும்.

இதில் ஓட்டை உண்டு. பதிவு அலுவலக மாற்றத்தை மட்டும்தான் இது தொடுகிறது. இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போவதைத் தடுக்காது. ஆட்குறைப்பு என்ற பெயரில்லாமல், "உனக்கு ஆயிரம் மைலுக்கு அப்பால் மாற்றல்" என்று ஓர் உத்தரவு கொடுத்தால் தொழிலாளி தானே ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டியதுதான். ஆனாலும் ஒரு பிடி கிடைத்தால் அதை விடலாமா? அந்தச் சின்ன எழுத்து விளம்பரத்தைச் சங்கம் படித்தால்தானே ஆட்சேபணை போடமுடியும்!

என்ன கேட்கவேண்டும்?

எந்தக் கம்பெனிக்கு எந்த சர்க்கார் என்ன சலுகை தருகிறதோ, அந்த ஒப்பந்தத்தை மக்கள் முன் வைக்கவேண்டும். துண்டுக்கு அடியில் விலை பேசக்கூடாது. தள்ளுபடி செய்வது நம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரேஷனுக்கும் உரிய பணம்.

இத்தனை பேருக்கு, இத்தனை ஆண்டுக்கு, இன்ன சம்பளத்தில் வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். நடுவில் ஓடிப்போனால் வாங்கிய சலுகையை வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டும்.

குறைந்தபட்சக் கூலி மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும் வரையில் முதலாளி மடுவைத் தேடித்தான் ஓடுவான். ஆகவே வயிறார வாழப் போதுமான ஒரு கூலியை நாடு முழுவதற்கும் வைக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே கம்பெனிக்கு இரண்டு மாநிலத்தில் ஆலை இருந்தால், இரண்டு இடத்துச் சங்கங்களும் ஒரே கோரிக்கையோடு ஒரே நாளில் பேச்சுக்கு உட்காரவேண்டும். வேற்று மாநிலத்திலிருந்து பிழைக்க வந்து நம் ஆலையில் நிற்கும் தொழிலாளியை "நம் சோற்றைப் பறிக்க வந்தவன்" என்று ஒதுக்கினால், நாம் முதலாளியின் வேலையைச் சம்பளமில்லாமல் செய்தவர்களாவோம். எல்லா மே விக்கின்ஸ் வாதாடியது இதற்காகத்தான்.

அடுத்த முறை மானேஜர் "வேறு மாநிலத்துக்குப் போய்விடுவோம்" என்று சொன்னால், தொழிலாளி சொல்லவேண்டிய பதில் இது: "போங்கள். அங்கேயும் எங்கள் சங்கம் இருக்கிறது."

அந்தப் பதில் வெறும் வாய்ச்சொல்லாக இல்லாமல் உண்மையாகும்படி செய்வதுதான் இன்று நம் முன்னாலுள்ள வேலை.